ஒரு நாளைக்கு 400 பேர் போதும்

ஒவ்வொரு கோடையிலும் பிரான்சின் மார்செய் நகரப் பக்கம் இந்தச் சண்டை தவறாமல் வருகிறது. கலாங்க் மலையில் நடக்க வந்தவர்களைப் பாதையிலேயே நிறுத்தி, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லையென்றால் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். அன்று மாலையே முகநூலில் கொதிக்கிறது. மலை ஏற டோக்கனா, கடலைப் பார்க்க அனுமதியா, நாங்கள் பிறந்து வளர்ந்த இடத்துக்கு எங்களையே பதிவு செய்யச் சொல்வதா என்றெல்லாம். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. முன்பதிவு வைத்தது சரி. நாளுக்கு 400 பேர் என்று எண்ணிக்கை வைத்ததும் சரி. இன்னும் சில இடங்களுக்கும் அது வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரான்சின் தெற்குக் கடற்கரையில், மார்செய் நகரத்துக்கும் கஸ்ஸி என்கிற சின்னத் துறைமுகத்துக்கும் நடுவே, வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலைகள் நேராக மத்தியதரைக் கடலுக்குள் இறங்குகின்றன. உயரம் என்று பார்த்தால் பெரிய மலை இல்லை. மோன் புய்ஜே சிகரமே 560 மீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்த உயரம் மொத்தமும் கடல் மட்டத்திலிருந்தே எழுந்து நிற்பதால் பார்க்கிறவர்களுக்கு மலைப்பாக இருக்கும். மலையைக் கிழித்துக்கொண்டு கடல் உள்ளே வந்த குறுகலான குடாக்களைத்தான் கலாங்க் என்று சொல்கிறார்கள். சரிவெல்லாம் அலெப்போ பைன் மரங்கள், அதன் அடியில் ரோஸ்மேரியும் முள் ஓக் புதரும். 2012 முதல் இது தேசியப் பூங்கா. பெரிய நகரத்துக்கு இவ்வளவு ஒட்டினாற்போல் ஒரு தேசியப் பூங்கா ஐரோப்பாவில் அபூர்வம். மார்செயில் டவுன் பஸ் ஏறி, லுமினி பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கினால் அங்கேயே பாதை தொடங்கிவிடும். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் நடந்தால் சுஜித்தோன் குடா. வசதியும் அதுதான், வினையும் அதுதான்.

முன்பதிவு வருவதற்கு முன்னால், கூட்டம் உச்சத்தில் இருக்கும் கோடை நாளில், சுஜித்தோனுக்கும் அதன் பக்கத்துக் குடாவுக்கும் 2,500 பேர் வரை இறங்கியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மணற்பரப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாறையும் கூழாங்கல்லும் கொஞ்சம் கரையும்தான். அதனால் கூட்டம் கரையில் நிற்காது, சரிவில் ஏறி மர நிழல் தேடி உட்காரும். 2022 கோடையில் பூங்கா நிர்வாகம் நாளொன்றுக்கு 400 பேர் என்று வரம்பு வைத்தது. காசு கிடையாது. பெயர் கொடுத்துப் பதிவு செய்து, அந்தக் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். பதிவில்லாமல் போனால் 68 யூரோ அபராதம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களை நான் அந்தச் சரிவில் ஒரு மரத்தடியில் குனிந்து பார்க்கச் சொல்வேன். பாறை இடுக்குகளில் சாண் ஆழம்கூட இல்லாத மண். அதைப் பிடித்துக்கொண்டுதான் பைன் நிற்கிறது. ஆட்கள் நடக்க நடக்க அந்த மண் பொடியாகி, சறுக்கி, கீழே போய்விட்டது. வேர்கள் வெளியே வந்துவிட்டன. அந்த வேர்களையே படிக்கட்டாக மிதித்து ஏறுகிறார்கள். பட்டை முழுதும் தேய்ந்து, பழைய வீட்டு நிலைப்படி மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்ட வேர்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டால் மரத்தின் ரணம் என்றே தோன்றும். சுற்றிலும் தேடினால் ஒரு நாற்று கண்ணில் படாது. முளைத்த வேகத்தில் மிதிபட்டுச் சாகிறது. அதாவது இன்றைக்கு நிற்கிற மரங்கள் போனால் அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் இல்லை. தூரத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் பச்சையாகத்தான் தெரியும். கிட்டே போனால் வாரிசு இல்லாத காடு.

மழையும் அங்கே ஒரு மாதிரி. வருடத்துக்கு 500 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதிலும் பெரும் பங்கு இலையுதிர் காலத்தில் சில நாள் கொட்டித் தீர்க்கிறது. கோடை முழுக்கக் கால்கள் இளக்கி வைத்த மண்ணை அந்த ஒரு மழை அள்ளிக் கடலில் சேர்த்துவிடும். திரும்ப அவ்வளவு மண் உண்டாக எத்தனை தலைமுறை ஆகுமோ. அதனால்தான் வேலி போட்டு, குறுக்குவழிகளை அடைத்து, மனிதர்களையும் குறைக்கிறார்கள். வேலி மட்டும் போதாதா என்பவர்கள் கூட்ட நாளில் அங்கே போனதில்லை என்று நினைக்கிறேன். ஆயிரம் பேர் நெருக்கும்போது எந்த வேலியும் நிற்காது.

"நான் ஒருத்தன் போனா என்ன கெட்டுடும்?" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் வாதம். ஒருத்தர் போனால் ஒன்றும் கெடாதுதான். எல்லாரும் அந்த ஒருத்தராகத்தானே வருகிறோம். பிரான்சில் நீண்ட நடைபாதைகளுக்கு வெள்ளை, சிவப்புக் கோடு தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துப் போனாலே போதும். ஆனால் வளைவில் கொஞ்சம் வெட்டிப் போகலாம், அந்தப் பாறை நுனியில் நின்று ஒரு படம் எடுக்கலாம் என்று ஒருவர் இறங்கினால், அடுத்த வாரம் அது ஒற்றையடித் தடம், அடுத்த வருடம் அது ஓடை. கடலோரத்தில் மாமியார் மெத்தை என்று ஊர்க்காரர்கள் கூப்பிடும் ஒரு முள் செடி உண்டு. உருண்டை மெத்தை போல வளர்ந்து, உப்புக் காற்றுக்கெல்லாம் ஈடு கொடுக்கும். செருப்புக் காலுக்கு மட்டும் அதால் ஈடு கொடுக்க முடியவில்லை.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, கோபத்தில் பங்கு உண்டு. மார்செய் நகரத்தின் கழிவுநீர், சுத்திகரிப்புக்குப் பிறகு, இதே மலைத்தொடரின் கொர்தியு குடாவில்தான் கடலில் விழுகிறது. அதுவாவது பரவாயில்லை. கர்தான் ஊரில் இருந்த அலுமினா (அலுமினியத்துக்கான மூலப்பொருள்) ஆலை 1966 முதல் 2015 முடியும் வரை சிவப்புச் சேறு என்கிற கழிவைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, கஸ்ஸிக்கு எதிரே கடலடிப் பள்ளத்தாக்கில் கொட்டியது. பூங்கா என்று அறிவித்த பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் அது நடந்தது. அதற்கப்புறமும் திரவக் கழிவுக்குச் சலுகை கொடுத்தார்கள். ஆலைக்கு அனுமதி, நடக்கிறவனுக்கு அபராதமா என்று ஒருவர் கேட்டால் வாயடைத்துத்தான் போகிறேன். அது அநியாயம்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கடலை ஆலை கெடுத்தது என்பதற்காக மலையை நாம் கெடுக்கலாம் என்று ஆகிவிடாது. கேட்க வேண்டியது ஆலைக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பதை.

அப்படிக் கேட்ட பரம்பரைதான் இந்த ஊர். மார்செயில் 1897-லேயே நடைப்பயணிகளின் சங்கம் ஒன்று தொடங்கி இன்றும் இருக்கிறது. 1910-ல் போர்மியு குடாப் பக்கம் கல் குவாரி விரிவாகப் போகிறது என்றதும், சுமார் 3,000 பேர் அந்தக் குடாவுக்கே திரண்டு போய் எதிர்த்தார்கள். தேசியப் பூங்கா வருவதற்கு நூறு வருடம் முன்னால்! ஞாயிற்றுக்கிழமை ரொட்டித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போகும் சாதாரண ஜனங்கள். மலை தங்களுக்குச் சொந்தம் என்பதை அவர்கள் காட்டிய விதம் அது. எனக்கு உரிமை இருக்கிறது என்று முன்பதிவுக் காவலரிடம் கத்துகிறவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வதை அப்படியே ஏற்கிறேன். இந்த மலை ஏழைகளின் விடுமுறை. வட மார்செயின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கோடையில் வேறு போக்கிடம் கிடையாது, பஸ் டிக்கெட் காசில் கிடைக்கும் ஒரே சொர்க்கம் இதுதான். திட்டம் போட்டு வாழ்கிறவர்கள் பதிவு செய்துவிடுவார்கள். காலையில் வெயில் பார்த்து "வாடா போகலாம்" என்று கிளம்புகிற பையன்தான் திரும்பி அனுப்பப்படுவான். முதல் ஆண்டில் மூன்று நாள் முன்னால் மட்டுமே பதிவைத் திறந்தார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிடும் வெளியூர்க்காரர்களே எல்லா இடத்தையும் பிடித்துவிடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. அது போதாது. 400-ல் ஒரு பங்கை அந்தந்தப் பகுதி இளைஞர் மன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒதுக்க வேண்டும். போன் இல்லாதவர்களுக்கு ஒரு கவுண்டர் வேண்டும். ஒரு யூரோகூட என்றைக்கும் வாங்கக் கூடாது. காசு வைக்கிற அன்று நானும் அந்தப் பக்கம் போய் நின்று கத்துவேன்.

சரி, தீ விஷயத்துக்கு வருகிறேன். இது முன்பதிவோடு சேர்ந்ததில்லை, தனி. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை அந்த மாவட்டத்தின் ஒவ்வொரு மலைக்காட்டுக்கும் தினமும் ஒரு நிறம் அறிவிக்கிறார்கள். மறுநாளுக்கான நிறம் முதல்நாள் மாலையே தெரிந்துவிடும். சிவப்பு என்றால் உள்ளே போகவே கூடாது. காரணம் பெரும்பாலும் மிஸ்ட்ரால். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட காற்று அது. வானம் பளிச்சென்று இருக்கும், கடல் நீலமாக மின்னும், நடக்க இதைவிட நல்ல நாள் கிடையாது என்று தோன்றும். காடு பற்றிக்கொள்ளக் காத்திருப்பதும் அதே நாளில்தான்.

போன கோடையில் பாரிஸிலிருந்து வந்த தம்பி ஒருவருக்குச் சரியாக அப்படி ஒரு நாள் வாய்த்தது. "அண்ணா, நான் சிகரெட் பிடிக்கிறதில்ல, அடுப்பு மூட்டப் போறதில்ல, நடக்கத்தானே போறேன். என்னை ஏன் தடுக்கணும்?" என்றார். நியாயமாகக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். நான் சொன்னது இதுதான்: தம்பி, நீங்கள் கொளுத்துவீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வேறு யாரோ மூட்டிய தீ வரும்போது நீங்கள் அந்தச் சரிவில் இருக்கக் கூடாது. மேலே ஒற்றையடிப் பாதை, கீழே செங்குத்துப் பாறை, அதற்கும் கீழே கடல். தீ மேலிருந்து காற்றோடு வந்தால் எங்கே ஓடுவீர்கள்? உங்களைத் தேடித் தீயணைப்பு வீரர்கள் வர வேண்டும். கடலில் தண்ணீர் மொண்டு வந்து கொட்டும் விமானங்கள், கீழே ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துத் தயங்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மலைச்சரிவு போய்விடும்.

பிரான்சில் காட்டுத் தீயில் பத்தில் ஒன்பது மனிதரால் வருவது என்று அரசே சொல்கிறது. வேண்டுமென்று வைப்பது அதில் ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் கவனக்குறைவு. 2025 ஜூலை 8 அன்று நெடுஞ்சாலையில் ஒரு கார் தீப்பற்றியது. மிஸ்ட்ரால் அதை மார்செயின் வடக்கு விளிம்பு வீடுகள் வரை இழுத்து வந்தது, விமான நிலையத்தை மூடினார்கள், சுமார் 750 ஹெக்டேர் போனது. கலாங்க் மலையிலேயே 2016 செப்டம்பரில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் எரிந்தது.

அலெப்போ பைனுக்குத் தீ புதிதில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அதன் காய்களில் ஒரு பகுதி இறுக மூடியே இருந்து, தீயின் சூட்டில் விரிந்து விதை கொட்டும். எரிந்த மண்ணில் அந்த விதைதான் முளைக்கும். ஆனால் முளைத்த மரம் போதுமான காய் சேர்க்க பத்துப் பதினைந்து வருடமாவது வேண்டும். அதற்குள் மறுபடி தீ வந்தால் விதையும் இல்லை, மரமும் இல்லை. அப்புறம் புதர், புதருக்கப்புறம் வெறும் பாறை.

பூங்கா நிர்வாகத்தை ஒரு விஷயத்துக்காக மனதாரப் பாராட்ட வேண்டும். 2021-ல் அவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே விளம்பரம் செய்வதை நிறுத்தினார்கள். நீலத் தண்ணீர்ப் படத்துக்குப் பதிலாக நெரிசல் படத்தைப் போட்டார்கள். தண்ணீர் குளிரும், ஏறி இறங்குவது கஷ்டம், கழிப்பறை கிடையாது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். சுற்றுலாவில் வாழும் ஒரு பகுதியில் இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். ஆனால் ஒரு ரீல் அதை ஒரே நாளில் அழித்துவிடுகிறது. ரீல் போடுகிறவர்களே, தயவுசெய்து இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.

எனக்கு அடுத்த கவலை ஆன்வோ. கஸ்ஸியிலிருந்து நடந்து போகும் குடாக்களில் மிக அழகானது. அங்கே இறங்கும் பாறைப் படிகள் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகிவிட்டன, சரிவின் நிலைமையும் சுஜித்தோன் போன வழிதான். அங்கேயும் எண்ணிக்கை வைக்க வேண்டும், நடந்து வருகிறவர்களுக்கு மட்டுமில்லாமல் படகில் வருகிறவர்களுக்கும் சேர்த்து. 24 மீட்டருக்கு மேற்பட்ட சொகுசுப் படகுகள் கடல்புல் படுகையில் நங்கூரம் போடக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. நல்லது. சின்னப் படகுகளின் கூட்டத்தையும் யாராவது எண்ண வேண்டும். மலையில் நடப்பவனை மட்டும் எண்ணினால் அந்தக் கோபத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

வர நினைப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரைக்குள் வாருங்கள். பதிவு வேண்டாம், வெயில் கொல்லாது, ரோஸ்மேரி பூத்திருக்கும். கோடையில்தான் லீவு கிடைக்கும் என்றால் முதல்நாள் மாலை நிறத்தைப் பாருங்கள், சுஜித்தோனுக்குப் பதிவு செய்யுங்கள், கிடைக்காவிட்டால் வேறு பாதையில் நடங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் ஊற்றோ குழாயோ எதுவும் இல்லை. ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டுபோனதை எல்லாம் அதே பையில் பஸ் நிறுத்தம் வரை சுமந்து வர வேண்டும்.