டிக்கெட் எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது

விடுமுறை நெருங்குகிறது. இந்த ஒரு வாரத்தில் மூன்று நண்பர்கள் விமான டிக்கெட் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் கேட்டது ஒன்றைத்தான்: "இருப்பதிலேயே மலிவானது எது?" காசைப் பார்த்துச் செலவழிப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. விடுமுறைப் பயணத்தில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி விமான நிலையத்தில் முளைப்பதில்லை. டிக்கெட் எடுத்த அன்றே, வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாமே அதை விதைத்துவிடுகிறோம்.

நான் இதை அம்மாவோடு போன ஒரு பயணத்தில்தான் கற்றுக்கொண்டேன். வழியில் விமானம் மாற வேண்டிய பயணம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் விலை அதிகம் என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்திருந்தேன். இடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. போதும் என்று நினைத்தேன். முதல் விமானம் ஐம்பது நிமிடம் தாமதமாக இறங்கியது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வரும்வரை காத்திருந்தோம். பிறகு பெட்டிக்காகக் காத்திருந்தோம். அதை இழுத்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போனபோது அங்கே விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். நான் ஒரு தகவல் மேசையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு தூணுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் வேகமாக நடக்க முடியாததால்தானே இப்படி ஆயிற்று?"

அந்தக் கேள்வி இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. தவறு அவருடைய முழங்காலில் இல்லை. நான் போட்ட கணக்கில் இருந்தது.

ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெரும்பாலும் பெட்டியும் கடைசி ஊர் வரை தானே போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அங்கே யாரிடமும் சண்டை போட்டுப் பயனில்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால், திரும்பி வரும் இருக்கையையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும்.

சாதாரண நாளில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் அடுத்ததில் இடம் கிடைத்துவிடலாம். விடுமுறையில் அடுத்ததும் நிறைந்திருக்கும், அதற்கடுத்ததும் நிறைந்திருக்கும். ஒரு விமானம் ரத்தானால் அதில் இருந்த நூற்றைம்பது பேரையும் மற்ற விமானங்களில் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு இருக்கைகளில்தான் பிரித்து ஏற்ற வேண்டும். அதனால்தான் பண்டிகைக் காலத்தில் சில மணி நேரச் சிக்கல் இரண்டு நாள் சிக்கலாக நீள்கிறது. திருமணம், கப்பல் பயணம் என்று தேதி மாறாத எதற்காவது போகிறீர்கள் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அந்த ஒரு நாளை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

முடிந்தவரை காலையின் முதல் விமானத்தில் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். குறைந்த தூர விமானம் ஒரே நாளில் நான்கைந்து முறை பறக்கிறது. காலையில் ஓர் ஊரில் அரை மணி நேரம் தாமதமானால் அது அடுத்த ஊருக்கும், அங்கிருந்து அடுத்த ஊருக்கும் தொற்றிக்கொண்டே போகும். மாலையில் நீங்கள் ஏறுவதற்குள் அது இரண்டு மணி நேரமாகியிருக்கலாம். வெயில் காலத்தில் இடியும் மழையும் பிற்பகலில்தான் அதிகம். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இரவில் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் மாற்று ஆட்கள் வரும்வரை விமானம் கிளம்பாது. முதல் விமானமோ பெரும்பாலும் முந்தைய இரவே வந்து நிற்கிறது. விடியற்காலையில் எழுவது கஷ்டம்தான். ஆனாலும் அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கலாம்.

பெட்டி விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம்: மருந்து, கண்ணாடி, ஆவணங்கள், ஒரு மாற்றுடை ஆகியவை கையோடு இருக்க வேண்டும். ஒருமுறை செக்-இன் கவுண்டர் அருகே ஒரு தந்தை எடை மிஞ்சிய பெட்டியைத் தரையில் திறந்து வைத்து, பின்னால் வரிசை நிற்கும் பதற்றத்தில் துணிகளை அள்ளி அள்ளி இன்னொரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவருடைய குழந்தையின் மருந்துப் பெட்டி அந்தக் குவியலில் உருண்டு கிடந்தது. அதை எந்தப் பெட்டிக்குள் போட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டிலேயே எடை பார்த்துவிட்டால் இந்த நிலை வராது. பழைய பயணத்தில் ஒட்டிய பட்டைகளைக் கிழித்து எறியுங்கள். பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் இயந்திரம் பழைய பட்டையைப் படித்துவிட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போகலாம். பெட்டியைக் கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகாரை எழுத்தில் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பயணத்தில் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்கள். பெட்டி 21 நாள் ஆகியும் வந்து சேராவிட்டால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். களைப்பில் "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

பவர் பேங்க்கை எந்தக் காரணத்துக்காகவும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடாதீர்கள். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் பயணிகள் அறைக்குள் இருக்கும் ஊழியர்கள் உடனே அணைக்க முடியும்; கீழே சரக்கறையில் அதை எட்டவே முடியாது. 100 வாட் மணி (மின்கலம் தேக்கிவைக்கும் மின்னாற்றலின் அளவு) வரை தனி அனுமதி இல்லாமல் கையில் கொண்டுபோகலாம் என்பது பொதுவான விதி. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட ஒன்று ஏறத்தாழ 74 வாட் மணிதான். கைப்பையில் திரவங்களுக்கு 100 மில்லி லிட்டர் என்ற வரம்பு, 2006-இல் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்தது. புதிய ஸ்கேனர் வைத்த சில நிலையங்கள் அதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் திரும்பி வரும் ஊரில் பழைய விதியே இருக்கலாம். 100 மில்லி லிட்டருக்குள் வைத்துக்கொள்வதே நல்லது.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று. விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும். கீழே வர வர அறையின் காற்றழுத்தம் கூடும். விழுங்கினால்தான் காதுக்குள் அழுத்தம் சமமாகும். அதனால் இறங்கத் தொடங்கியதும் பால் கொடுங்கள். அழும் குழந்தையின் தாயைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் சக பயணிகளிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன்: தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு உண்மையாகவே வலிக்கிறது.

விமானம் ரத்தானதும் கவுண்டர் முன்னால் கூட்டம் கூடிக் கத்தத் தொடங்கும். அங்கே நிற்கும் பெண் அந்த விமானத்தை ரத்து செய்தவர் அல்லர். ஆனால் மிஞ்சியிருக்கும் இருக்கையை உங்களுக்குத் தேடித் தரக்கூடியவர் அவர்தான். நான் வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் செயலியையும் திறப்பேன், தொலைபேசியிலும் அழைப்பேன். மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அது. மாற்று விமானத்தின் எண்ணை நானே பார்த்து வைத்துக்கொண்டு, "இதில் இடம் இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள் அம்மா" என்று கேட்டபோது எனக்கு இரண்டு முறை வேலை நடந்திருக்கிறது.

இந்த ஆண்டும் அம்மாவோடுதான் போகிறேன். ஒரே டிக்கெட், காலையின் முதல் விமானம், இடையில் நான்கு மணி நேரம். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிட்டேன். நான்கு மணி நேரமும் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது என்று அம்மா கேட்டார். உனக்கு வேண்டிய வேகத்தில் நடக்கலாம் அம்மா என்றேன். நேற்று பார்த்தேன், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு புத்தகத்தை இப்போதே எடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறார்.