ஆங்கிலம் பேசுவது வேறு, ஆங்கிலத்தில் வேலை பார்ப்பது வேறு

ஆங்கிலம் வராதவன் வேலைக்கு லாயக்கில்லை என்று ஒரு கூட்டம், அது அடிமை மொழி நமக்கெதற்கு என்று இன்னொரு கூட்டம். இந்தச் சண்டை முகநூலில் அடிக்கடி வந்துவிடுகிறது. இரண்டு தரப்புமே அந்த மொழி பிறக்கும்போதே கிரீடத்தோடு பிறந்த மாதிரிதான் பேசுகிறார்கள். சொந்த ஊரிலேயே அதற்கு ஆபீசுக்குள் இடம் கிடைக்க எத்தனை நூற்றாண்டு ஆனது என்று பார்த்தால் பிரமிப்பும் கோபமும் கொஞ்சம் தணியும்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, பதிவேடுகளில் லத்தீன். ஆங்கிலம் வயலிலும் சந்தையிலும் கிடந்தது. உங்கள் நிலத்து வழக்கை உங்களுக்குப் புரியாத மொழியில் யாரோ வாதாடுவார், நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். 1362-இல்தான் ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பிரெஞ்சு மொழி நாட்டில் பலருக்குத் தெரியாது, தங்களுக்கு ஆதரவாகவோ எதிராகவோ என்ன பேசுகிறார்கள் என்றே மக்களுக்கு விளங்குவதில்லை என்று காரணமும் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! நீதிமன்றப் பதிவுகள் லத்தீனை விட்டு வெளியே வர 1733 ஆகிவிட்டது. விஞ்ஞானி நியூட்டன்கூட 1687-இல் பிரின்சிபியா என்ற தன் புகழ்பெற்ற அறிவியல் நூலை லத்தீனில்தான் வெளியிட்டார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லண்டன் பீர் வடிப்பவர்களின் சங்கம். இனி நம் கணக்குவழக்கை ஆங்கிலத்தில் எழுதுவோம் என்று 1422-இல் முடிவெடுத்தார்கள். ராஜா ஐந்தாம் ஹென்றியே ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார், அப்புறம் நம் ஆட்களில் பலருக்கு ஆங்கிலம் எழுதப் படிக்க வரும், லத்தீனும் பிரெஞ்சும் வராது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மொழிப் பெருமை பற்றி ஒரு பேச்சும் இல்லை, சங்கத்து வேலை நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஆங்கிலம் கப்பலேறிப் பேரரசின் மொழியாகி, அமெரிக்கப் பணத்தோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவிய கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். இன்றைக்கு மென்பொருளோ மருந்தோ விமானமோ, பெரும்பாலான கையேடுகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆங்கிலம் இல்லாமலே சமாளிக்கலாம் என்று ஊரார் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர், தன் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

ஆனால் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் எது என்பதில்தான் நம் ஊர் தடுமாறுகிறது. 1990 ஜனவரியில் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியான்கா 52 விமானத்தை மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்ற வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அவசரநிலை என்று அறிவிக்கச் சொல்லி கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார், துணை விமானியோ எரிபொருள் தீர்கிறது என்று மட்டும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் 'எமர்ஜென்சி' என்று சொன்னால்தான் மற்ற விமானங்களை ஒதுக்கிவிட்டு உடனே இறங்க வழிவிடுவார்கள். அந்தச் சொல் கடைசிவரை போய்ச் சேரவில்லை, விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

2008 முதல் சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்வில் குறைந்தது நான்காம் நிலை கட்டாயம். அதில் தாய்மொழி வாடை உச்சரிப்பில் இருக்கலாம், எதிராளிக்குப் புரிந்தால் சரி. இன்னும் கேளுங்கள், ரேடியோவில் எண் சொல்லும் விதிப்படி மூன்றை 'ட்ரீ' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும்தான் சொல்ல வேண்டும், லண்டனில் பிறந்த விமானிக்கும் அதே விதி. நம் பையன் இன்டர்வியூவில் 'ட்ரீ' என்று சொன்னால் எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரிக்கிறார்!

சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆள் எடுக்கும் குழுவில் நானும் உட்காருகிறேன். 'கம்யூனிகேஷன் வீக்' என்று எழுதி வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ் மீடியத்தில் படித்த, புரோகிராம் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள். உன்னைப் பற்றிச் சொல் என்றால் திணறுவார்கள், கையில் கம்ப்யூட்டர் காட்டும் ஒரு பிழைச் செய்தியைக் கொடுத்தால் படித்து எங்கே தப்பு என்று காட்டிவிடுவார்கள். சரளமாகப் பேசி உள்ளே வந்த சிலர் எழுதும் மெயிலை மூன்று முறை படித்தாலும் சர்வர் ஓடுகிறதா நின்றதா என்று தெரியாது.

இன்டர்வியூவில் அரைப் பக்க ஆவணம் ஒன்றைக் கொடுங்கள், அதைப் படித்து வாடிக்கையாளருக்கு ஐந்து வரியில் மெயில் எழுதச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பெண் போடுங்கள். பேச்சுப் பயிற்சியை வேலையில் சேர்ந்தபிறகு ஆறு மாதத்தில் கொடுத்துக்கொள்ளலாம். இதை எங்கள் எச்.ஆரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன், அடுத்த கேம்பஸ் சீசனுக்குள் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. பார்க்கலாம்.