ஃபோர்த் விங் நாவல் ஒய்ஏ (யங் அடல்ட், அதாவது டீனேஜ் பசங்களுக்கான புத்தகம்) இல்லீங்க

மேல ஒருத்தர் "ஃபோர்த் விங், எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ் ரெண்டுமே ஒய்ஏ தான், எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு தாராளமா வாங்கி குடுங்க"ன்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. ஃபோர்த் விங் 2023ல வந்தப்பவே பெரியவங்களுக்கான நாவலாதான் வந்துச்சு, ஹீரோயினுக்கே 20 வயசு, டிராகன், காலேஜ்னு இருக்கறதால ஸ்கூல் பசங்க கதைன்னு நினைச்சிடறாங்க, ஆனா பின்பாதில படுக்கையறை சீனெல்லாம் ஒளிவுமறைவே இல்லாம இருக்கும். இன்னொன்னு, சாரா ஜே. மாஸ் எழுதின எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ், அதுல குழப்பம் வர்றது நியாயம்தான், 2015ல வந்தப்போ கடைல ஒய்ஏ ஷெல்ஃப்ல தான் இருந்துச்சு, அப்புறம் 2020ல அட்டைய மாத்தி அடல்ட்னு விக்க ஆரம்பிச்சாங்க. பழைய ரெவ்யூ படிச்சிட்டு வாங்கினா மாட்டிக்குவீங்க.

அந்த வயசுக்கு ஃபேன்டஸியும் கொஞ்சம் லவ்வும் வேணும்னா ஹாலி பிளாக்கோட தி க்ரூயல் பிரின்ஸ் பாருங்க, கொலை, சதி, கிண்டல் கேலி எல்லாம் இருக்கு, ஆனா ரொமான்ஸ் முத்தத்தோட நிக்கும். லீ பார்டூகோவோட சிக்ஸ் ஆஃப் க்ரோஸும் ஒய்ஏ தான், என்னைக் கேட்டா ரெண்டுல இதுதான் பெஸ்ட், ஆனா வன்முறை ஜாஸ்தி, நீங்க முதல்ல ஒருவாட்டி புரட்டிப் பாத்துட்டு குடுங்க. பார்டூகோ பேர பாத்து அவங்களோட நைன்த் ஹவுஸையும் சேத்து ஆர்டர் போட்ராதீங்க, அது முழுக்க அடல்ட்.