பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், விசா வந்தால் டிக்கெட்

ஐரோப்பா சுற்றிப் பார்க்க விசா வேண்டுமென்றால் எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ராத்திரி எந்த அறை, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவீர்கள் என்று எல்லாவற்றுக்கும் தாள் வைக்க வேண்டும். சரி, பதிவு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தால், விசா கைக்கு வருமுன் காசைக் கட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று விஷயம் தெரிந்த அத்தனை பேரும் எச்சரிக்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். அதை ஐரோப்பாக்காரர்கள் சட்டமாகவே போட்டுவைத்திருப்பார்கள் என்று அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்காது.

நாங்கள் மண்டபத்துக்காரர்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, வீட்டுக்காரருக்கு விசைப்படகு. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவர் என்பதால், வெளிநாடு என்றால் அவருக்கு ரயில்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் அதற்குக் காசும் மனசும் சேர்ந்து வந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சுவிட்சர்லாந்தில் இன்டர்லாகன், கடைசியில் ரோம். இறங்குவது ஒரு ஊர், ஏறுவது இன்னொரு ஊர், நடுவில் முழுக்க ரயில். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

எங்களுக்குத் தேதி சுலபமாக மாறுவதும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கிற அந்த 61 நாளில்தான் இவருக்கு ஓய்வு. அதிலும் பழுதுபார்ப்பு, பெயின்ட் வேலை போக மிச்சம் கொஞ்சம். எனக்கோ மே மாத விடுமுறை. ஆக, மே மாதத்தை விட்டால் அடுத்த வருடம்தான். அதே மே மாதத்தில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று நாட்டில் பாதிப் பேர் அதே விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். விண்ணப்ப மையத்தின் திரையில், நேரில் வந்து விண்ணப்பம் கொடுக்கச் சென்னையில் நாள் இல்லை, இல்லை, இல்லை என்றே காட்டுகிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் விண்ணப்பிக்கலாமே என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு: ஆறு மாதம் முன்னால் எங்களுக்கு அடைமழைக்காலம். எந்த வாரம் கடலுக்குப் போக விடுவார்கள் என்பதே அன்றைய புயல் எச்சரிக்கையைப் பொறுத்தது. அந்த நேரத்தில் ஐரோப்பாவுக்கு யார் கணக்குப் போடுவது?

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பது தனிக் கூத்து. ஷெங்கன் ஒப்பந்தத்தில் 29 நாடுகள், ஒரே விசாவில் எல்லா இடமும் போகலாம், எல்லையில் நிறுத்த மாட்டார்கள் என்றெல்லாம் பெருமை பேசுவார்கள். ஆனால் அதிக நாள் தங்குகிற நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. நாங்கள் ஆம்ஸ்டர்டாமில் மூன்று இரவு, பாரிஸில் நான்கு, இன்டர்லாகனில் மூன்று, ரோமில் மூன்று என்று போட்டு, பிரான்சுக்கான தாள்களையெல்லாம் அடுக்கிவிட்டோம். அப்போது பார்த்து இவர், "மலை ரயிலுக்கு மூணு நாள் எப்படிப் பத்தும்? இன்னும் ரெண்டு நாள் போடு" என்றார். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த இரண்டு இரவு கூடியதும் நாங்கள் சுவிட்சர்லாந்தின் ஆட்களாகிவிட்டோம்! வேறு படிவம், வேறு பட்டியல், வேறு நாளுக்குக் காத்திருப்பு. இன்டர்லாகனில் மழை பெய்தால் முன்னதாகக் கிளம்புவோம், பிடித்தால் கூட ஒரு நாள் இருப்போம் என்பதற்காகத்தானே ஒருவர் ரயிலில் போவது? அந்தச் சுகத்தை முதல் படிவத்திலேயே கழுத்தை நெரித்துவிட்டு, அப்புறம் என்ன சுற்றுலா?

ரயில் டிக்கெட்டுக்கு வருகிறேன். விமானத்துக்காவது விசாவுக்கென்றே டம்மி டிக்கெட் போட்டுத் தருகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். சில நாளைக்கு மட்டும் உயிரோடு இருக்கும் முன்பதிவு, அதற்கு ஒரு கட்டணம். போகாத விமானத்துக்குச் சீட்டு வாங்கி, 'இதில்தான் போகிறேன்' என்று அதிகாரியிடம் நீட்டுவது ஊரறிந்த நடைமுறை. சாதாரண ஜனங்களைப் பொய் சொல்லப் பழக்குகிற விதி என்ன விதி? ரயிலுக்கு அந்த டம்மியும் கிடையாது. மலிவு விலை டிக்கெட் வேண்டுமென்றால் முன்பதிவு திறந்ததும் எடுக்க வேண்டும், நாள் போகப் போக விலை ஏறும். அந்த மலிவு டிக்கெட்டைப் பெரும்பாலும் ரத்துசெய்தால் காசு திரும்பாது. விசா மறுத்தால் டிக்கெட் காசு போச்சு. விசாவுக்குக் காத்திருந்தால் மலிவு டிக்கெட் போச்சு. நம் ரயில்வேயில் இப்போது 60 நாளுக்கு முன் பதிவு, காத்திருப்போர் பட்டியல், ரத்துக்கு ஒரு பிடித்தம் என்று ஆயிரம் குறை சொல்கிறோம். ஆனால் ஒரு வாரம் முன்னால் ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தால் விலை மூன்று மடங்காகாது. அந்த அருமை இப்போதுதான் தெரிகிறது.

பாஸ் எடுத்தால் தீர்ந்தது என்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு யூரெயில் பாஸ், ஒரு மாதத்துக்குள் ஐந்து நாள், ஏழு நாள் என்று பயண நாளைக் கணக்கிட்டு வாங்கலாம். ஏறி உட்கார்ந்தால் போதும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான ரயில்களில் அது உண்மைதான், அதற்காக அவர்களை வாழ்த்தலாம். ஆனால் எங்கள் வழியில் முதல் ரயிலே ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டார். பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் காசு, அதிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் குறைவு. பிரான்சின் அதிவேக ரயிலுக்கும் அதே கதை. இத்தாலியின் அதிவேக ரயிலில் இடம் எப்படியும் பதிய வேண்டும். இன்டர்லாகன் பக்கத்து யுங்ஃப்ராவ் மலை ரயிலுக்குப் பாஸ் காட்டினால் சலுகை மட்டும்தான். அப்புறம் எதற்கு அது பாஸ்?

பாரிஸில் வந்திறங்கும் நிலையம் கார் து நோர், சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பும் நிலையம் கார் த லியோன். எழும்பூரில் இறங்கி பெட்டியோடு சென்ட்ரலுக்கு ஓடியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது காசுக்குச் சான்று கேட்கிற விதம். வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை ஏறினால் அவர்கள் கண்ணுக்கு அது வருமானம். என் சம்பளம் அப்படி ஏறும், பிரச்சினையில்லை. படகுக்காரர் கணக்கு அப்படியா இருக்கும்? விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகிறது. டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு போக ஒரு வாரம் கணவாயும் நண்டும் அள்ளிக் கொடுக்கும், அடுத்த வாரம் வெறும் வலை வரும். கணக்கு ஏறி இறங்கும். வருமான வரி கட்டிய தாளையும் வைத்தாயிற்று. ஆனாலும் மதுரையில் நாங்கள் கேட்டுப்போன ஏஜென்ட், "இந்தக் கணக்கைப் பார்த்தா சந்தேகப்படுவாங்க மேடம், பேசாம எங்க பேக்கேஜுல வந்துடுங்க, ஏழு நாடு, முழுக்க ஏசி பஸ்" என்கிறார். ஏன் ரயில் வேண்டாம் என்று கேட்டால், பஸ் என்றால் ஓட்டல் வாசலிலேயே இறக்கிவிடுவார்களாம். அதிகாலை கிளம்பி, மதியத்துக்குள் ஒரு நாட்டை முடித்து, இரவு இன்னொரு நாட்டில் இந்தியச் சாப்பாடு! என் நாத்தனாரும் அந்தக் கட்சிதான். "மதினி, அம்புட்டு தூரம் போயி ரயில்லயா உக்காந்துக்கிட்டு இருக்கப் போறீங்க?"

படிவத்தில் இன்னொரு கேள்வி, முன்பு வெளிநாடு போனதுண்டா என்று. எங்கள் கடற்கரையில் பாஸ்போர்ட்டே இல்லாமல் காங்கேசன்துறையையும் யாழ்ப்பாணம் சிறையையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதற்கெல்லாம் முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்களின் பயண வரலாற்றைப் பார்த்து எந்தத் தூதரகமும் எழுந்து நின்றிருக்கும்.

அதைவிட எரிச்சல், இதே கரையிலிருந்து ஒரு காலத்தில் ரயிலும் கப்பலுமாக ஒரே டிக்கெட்டில் வெளிநாடு போயிருக்கிறார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் டிக்கெட் எடுத்தவர் தனுஷ்கோடித் துறையில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, அந்த வழியும் போனது. இன்று தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற தலைமன்னாருக்கு நேராகக் கப்பல் இல்லை, மதுரைக்குப் போய் விமானம் ஏறி கொழும்பில் இறங்கி, வடக்கே திரும்பி வருகிற மாதிரி சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூனில்தான் 80-லிருந்து ஏற்றினார்கள். மறுத்தாலும் திரும்ப வராது. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தனி. கைரேகை கொடுக்க இரண்டு பேரும் ராத்திரி ரயிலில் சென்னை போய் வரும் செலவு தனி. அரசு ஊழியர் என்பதால் எனக்குத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தப் படிவமும் முதலில் கேட்பது பயணத் தேதியைத்தான்!

எங்கள் காசையும் தாளையும் பின்னணியையும் முதலில் பாருங்கள். நம்பிக்கை இருந்தால் சரி என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த ரயில், எந்த அறை என்று கேளுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்புகிறேன். திரும்பி வருவோமா என்றுதானே உங்களுக்குச் சந்தேகம்? ஜூன் 15 விடியும்போது மண்டபத்துப் படகுகளெல்லாம் கடலில் இருக்கும், அதில் இவர் படகும் இருந்தாக வேண்டும். அந்த ஒரு தேதியை வேண்டுமானால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.