என் பிள்ளையிடம் பரீட்சை வைக்காதீர்கள்

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற என் மகளை, ரயிலில் ஒரு பெரியவர் எழுப்பி நிறுத்தி வாய்ப்பாடு கேட்டார். அதை அன்றைக்கே நாலு வரியில் எழுதிவிட்டேன், மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு அப்புறம் எனக்கு வந்து குவிந்த அறிவுரைகளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. "பெரியவர் அக்கறையில்தானே கேட்டார், இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்கிறார்கள். அக்கறை இருந்தால் என்னிடம் கேட்டிருக்கலாமே. நான் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது நானும் என் வீட்டுக்காரரும். அந்த முடிவுக்காகப் பத்து வயதுப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, பெட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பதினேழாம் வாய்ப்பாடு கேட்பது எந்த வகை அக்கறை?

பள்ளிக்குப் போகிற பிள்ளைகளிடம் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. "என்ன படிக்கிறே?", "அஞ்சாங்கிளாஸ்", "சரி, நல்லா படி." அதோடு முடிந்தது. "வீட்டிலேயே படிக்கிறேன்" என்று என் மகள் சொன்னதும் பரீட்சை ஆரம்பித்துவிடுகிறது. ஜனாதிபதி யார்? பட்டாம்பூச்சிக்கு இங்கிலீஷில் ஸ்பெல்லிங் சொல்லு. ஜவுளிக்கடையில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு கேட்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னால் "பரவாயில்லையே" என்று ஒரு ஆச்சரியம். தடுமாறினால் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தடுமாற்றம் வரும். என் பிள்ளைக்கு வந்தால் மட்டும் அது தீர்ப்பாகிவிடுகிறது.

அவளும் பள்ளிக்குப் போனவள்தான். முதல் வகுப்பில் பாதி வருஷம் போனபோது பிரச்சினை ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலையானால் வாந்தி எடுப்பாள். டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம்தான் தெரிந்தது, இடது கையால் எழுதுகிறாள் என்பதற்காக வலது கையில் பென்சிலைத் திணித்து, எழுதி முடிக்கும்வரை சாப்பாட்டு மணி அடித்தும் உட்காரவைத்திருக்கிறார்கள். போய்ப் பேசினோம். "எல்லாப் பிள்ளையும் பழகிக்கிடும்மா" என்றார்கள். எல்லா ஆசிரியரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என் அண்ணி அரசுப் பள்ளி ஆசிரியை, அவரிடம் படிக்கிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். நான் சொல்வது என் பிள்ளையைப் பற்றி மட்டும். அவள் வலது கையால் எழுதப் பழகுவதைவிட வாந்தி நிற்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

"அப்படி வீட்டில் என்னதான் படிக்கிறாள்?" இது நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வேன். எங்கள் வீட்டு மின் மீட்டரை இரண்டு வருஷமாக அவள்தான் பார்க்கிறாள். ஸ்டூல் போட்டு ஏறி, எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, வெள்ளை அட்டையில் இருக்கும் போன ரீடிங்கைக் கழித்து, இலவச யூனிட்டைத் தள்ளி, மிச்சத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவாள். கணக்கெடுக்க வருகிற அண்ணன் சொல்லும் தொகையோடு ஒத்துப்பார்ப்பாள். போன கோடையில் பில் ஏன் அவ்வளவு எகிறியது என்று என் வீட்டுக்காரருக்கு விளக்கியது அவள்தான். யூனிட் கூடக் கூட ஒவ்வொரு படியிலும் விலை மாறும் என்பது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. பதினேழாம் வாய்ப்பாடு அவளுக்கு மனப்பாடமாக வராது, தாளைக் கொடுத்தால் போட்டுத் தருவாள். ரயிலில் யாரும் தாள் கொடுக்கவில்லை.

சட்டம் பேசுகிறவர்களுக்கு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. சான்றிதழா? பன்னிரண்டரை வயது முடிந்தால் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம். அங்கே படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று 2018-இல் விதி கொண்டுவந்தார்கள், அதே வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இதையெல்லாம் பார்க்காமலா பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் முடிவெடுப்போம்?

"நாலு பேரோடு பழக வேண்டாமா?" என்பதற்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள்.

ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு வேண்டிய ஒருவர், நான் மதிக்கிறவர், கேட்டார்: "நம்ம ஆட்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்க எத்தனை தலைமுறை போராடினாங்க, நீ பிள்ளையைக் கூட்டிட்டு வந்து வீட்டில் உட்காரவைக்கிறே. இது குலக்கல்வி இல்லையா?" 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்றது. மறு வருஷம் காமராஜர் வந்து அதைத் தூக்கினார். என் அப்பா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில், மதியம் சோறு போடுகிறார்கள் என்றுதான் எங்கள் அப்பத்தா அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தச் சோறு இல்லாவிட்டால் நான் கணிதத்தில் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன், இந்தப் பதிவும் இருக்காது. எனக்கா பள்ளிக்கூடத்தின் அருமை தெரியாது?

குலக்கல்வி பிள்ளையின் எல்லையை அப்பன் தொழிலோடு முடித்து வைத்தது. நான் எதையும் முடித்து வைக்கவில்லை. 2023-இல் காமராஜர் பிறந்தநாளன்று மதுரையில் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே குழந்தைகள் பிரிவில் அவளைத் தெரியாத ஊழியர் இல்லை. நாளைக்கே பள்ளிக்குப் போகிறேன் என்றால் நாளைக்கே சேர்ப்பேன். எல்லோராலும் இப்படிச் செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் சம்பளத்தில் வீடு ஓட வேண்டும், அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும்தான் கேட்கிறேன். அதற்காக என் பிள்ளையை வாந்தியோடு அனுப்பியிருக்க வேண்டுமா? அந்தக் கேள்வி கேட்டவர் அவள் முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு தடவையாவது விசாரித்தாரா? சொந்தக்காரர்கள் யாராவது விசாரித்தார்களா? அன்றைக்கு யாருக்கும் அக்கறை வரவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்குகிற பிள்ளையைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் வருகிறது.

இவ்வளவு எழுதக் காரணம் ரயில் மட்டும் இல்லை. போன வாரம் கோயிலில் ஒரு அக்கா எந்த ஸ்கூல் என்று கேட்டார். என் மகள் கொஞ்சமும் யோசிக்காமல் பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிப் பெயரைச் சொன்னாள். செக்‌ஷனும் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்ததும், "அப்படிச் சொன்னா யாரும் அதுக்கு மேல கேட்க மாட்டாங்கம்மா" என்றாள். பொய் பேசத் தெரியாத பிள்ளை. பள்ளிக்கூடம் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை, நானும் சொல்லித் தரவில்லை. உங்கள் அக்கறைதான் சொல்லிக் கொடுத்தது.

இனி யார் கேட்டாலும் அம்மா பதில் சொல்கிறேன், நீ சொல்ல வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அடுத்த முறை நான் நடுவில் புகுந்து பேசினால், "பிள்ளையைப் பேச விடும்மா" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.