கப்பல் நின்னா யார் பணம் போகும்?

ரொம்ப நாளா மனசுல இருக்கறதை இன்னைக்கு எழுதிடுறேன். எகனாமிக்ஸ் ஒரு பேப்பர், இன்டர்நேஷனல் பிசினஸ் இன்னொரு பேப்பர்னு தனித்தனியா நடத்துறோமே, அங்கதான் பசங்களுக்கு நூல் அறுந்து போகுது. ரெண்டு பேப்பரையும் கிளாஸ்ல நடத்தினவன்ங்கிறதால சொல்றேன்.

பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817ல போட்ட கணக்கை எல்லாரும் போர்டுல எழுதுறோம். குறிப்பிட்ட அளவு ஒயினுக்குப் போர்ச்சுகல்ல வருஷத்துக்கு 80 ஆள், துணிக்கு 90. இங்கிலாந்துல ஒயினுக்கு 120, துணிக்கு 100. கம்பேரட்டிவ் அட்வான்டேஜ்னா என்னன்னு கேட்டா, "எதைச் செஞ்சா மத்ததுல இழப்பு கம்மியோ அதை அந்த நாடு செய்யணும்"னு மூச்சு விடாம ஒப்பிப்பாங்க, ஆனா "ரெண்டுலயும் போர்ச்சுகல்தானே கெட்டி, அப்புறம் எதுக்குத் துணியை வெளியில வாங்கணும்?"னு கேட்டுப் பாருங்க, கிளாஸே அமைதியாயிடும். அந்த நேரத்துல நாமளே பதிலைச் சொல்லிடக்கூடாது, கால் மணி நேரம் போனாலும் போகட்டும். துணிக்குப் போற 90 பேரை ஒயினுக்கு விட்டா போர்ச்சுகல்ல அந்த அளவுல 1.125 மடங்கு ஒயின் கிடைச்சிருக்கும், இங்கிலாந்துல 100 பேரை அப்படி விட்டா வெறும் 0.83தான், அப்போ துணிக்காகக் கம்மியா இழக்கிறது யாரு? ஒரு தடவை கடைசி பெஞ்ச்ல ஒரு பொண்ணு ரெண்டு வகுத்தலையும் நோட்டு ஓரத்துல போட்டுட்டு, "போர்ச்சுகல் துணி செஞ்சா அதுக்குத்தான் நஷ்டம்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

அவளே அடுத்து கேட்டா, "சார், அப்போ இங்கிலாந்துல ஒயின் செஞ்சவங்க என்ன ஆவாங்க?" மறுநாளே தறியில போய் உக்காந்துடுவாங்கன்னு அந்த மாடல் எடுத்துக்குது. நிஜத்துல லாபம் நாடு பூரா பரவும், அடி சில பேர் மேல மட்டும் விழும். இதைச் சொல்லாம அந்தப் பாடத்தை முடிக்கவே கூடாதுங்கிறது என் கருத்து.

இன்னொண்ணு, அந்த டேபிள்ல கடலே கிடையாது! கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், தாமதம் எதுவும் இல்ல. அதெல்லாம் பிசினஸ் பேப்பர்ல இன்கோடெர்ம்ஸ் 2020ன்னு, செலவும் ரிஸ்க்கும் விக்கிறவருதா வாங்குறவருதான்னு சொல்ற 11 விதியா வந்து, மனப்பாடம் ஆகி, பரீட்சையோட மறந்தும் போகுது. அதுல ஒண்ணான சி.ஐ.எஃப். (காஸ்ட், இன்சூரன்ஸ், ஃப்ரெய்ட்)னா விக்கிறவர்தான் வாடகையும் இன்சூரன்ஸும் கட்டணும், ஆனா சரக்கு கப்பல்ல ஏறின அந்த நிமிஷமே ரிஸ்க் வாங்குறவர் தலையில. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டாங்க, "காசு கட்டுறவர்தானே சார் பொறுப்பு?"ம்பாங்க.

அப்போதான் எவர் கிவன்ங்கிற சரக்குக் கப்பல் கதையை எடுப்பேன். 2021 மார்ச்ல 400 மீட்டர் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்கா மாட்டி ஆறு நாள் வழியை அடைச்சுது, மீட்ட பிறகும் நஷ்டஈட்டுத் தகராறுல ஜூலை வரைக்கும் எகிப்து விடல. கப்பல் ஓனர் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சார், அதாவது சரக்குல ஒரு கீறல் இல்லாட்டியும் கப்பலைக் காப்பாத்தின செலவுல சரக்குக்காரங்களும் பங்கு தரணும். இதைக் கேட்ட பிறகு ரிஸ்க் யாருதுன்னு யாருக்கும் ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது.

போன செமஸ்டர் இன்டர்னல்ல டெஃபனிஷன் எதுவும் கேக்கல. ஒரு பக்க சி.ஐ.எஃப். கான்ட்ராக்டைக் கையில கொடுத்து, கப்பல் நடுவழியில நின்னுடுச்சு, யாருக்கு என்ன செலவு, இதுக்கப்புறமும் இந்த வியாபாரம் ரெண்டு பேருக்கும் கட்டுப்படியாகுமான்னு கேட்டேன். பெல் அடிக்கிற வரைக்கும் ஒருத்தர்கூட பேப்பரைக் கொடுக்கல.