மணிச்சத்தத்துக்கு அப்புறமும் ஒரு ஆல்பம் இருக்கிறது

பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலையில் காலமானபோது என் டைம்லைன் முழுக்க ஒரே பாட்டுதான். மழை, இடி, தூரத்தில் தேவாலய மணி, அப்புறம் அந்த மூன்று சுரங்கள். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. குழு, ஆல்பம், பாட்டு மூன்றுக்கும் ஒரே பெயர். அபாரமான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிஷத்தோடு எழுந்து போய் ‘சாத்தான் இசை’, ‘ஹெவி மெட்டல் ராக்கின் பிறப்பு’ என்று எழுதுகிறவர்கள் மிச்சத்தைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. எனக்கு இது பர்மிங்காம் பையன்கள் நாலு பேர் போட்ட ப்ளூஸ் தட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த அந்த இசை. கொஞ்சம் ஜாஸும் கலந்தது.

முதலில் அந்த மூன்று சுரங்கள். ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். மேற்கே இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரையே வைத்துவிட்டார்கள். நாம் அதே மத்யமத்தைக் கல்யாணியில் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறோம்! கல்யாணியில் அது பஞ்சமத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், போய்ச் சேரும். குழுவின் கிடார்காரர் டோனி ஐயோமி அதைச் சேரவே விடுவதில்லை. அங்கேயே நிறுத்தி, விரலால் உலுக்குகிறார். பயம் சுரத்தில் இல்லை, அந்த நிறுத்தலில் இருக்கிறது.

ஐயோமியின் விரல் என்றதும் எல்லோரும் அந்த விபத்துக்குப் போய்விடுவார்கள். 17 வயதில் தகரப் பட்டறை இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். எல்லாம் உண்மை. ஆனால் ‘அதனால்தான் சுருதியை இறக்கினார், அதனால்தான் இந்தக் கனம்’ என்பது இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. இதில் கிடார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. இறக்கியது 1971-இல், மூன்றாவது ஆல்பத்தில்.

அப்படியானால் இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? நாலு பேரும் சேர்ந்து வாசித்ததிலிருந்து. 1969 அக்டோபரில் லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில் ஒலிப்பதிவு முடிந்தது. மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள். ஓஸியைத் தனித் தடுப்புக்குள் நிறுத்தி, கூடவே பாடவிட்டார்கள். மழையும் மணியும் பிறகு ஒட்டவைத்தவை.

பில் வார்டின் டிரம்ஸை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூபாவைக் கேட்டு வளர்ந்த ஆள். ‘தி விசார்ட்’ பாட்டில் ஓஸி மௌத் ஆர்கன் ஊதுகிறார், கிடார் பதில் சொல்கிறது, ஒவ்வொரு இடைவெளியிலும் வார்டு புகுந்து ஏதாவது பேசிவிட்டுப் போகிறார். தாளத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாத மனிதர். ‘பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்’பில் அவர் கை நிஜமாகவே துள்ளுகிறது. பின்னால் வந்த மெட்டல்காரர்கள் திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, அதாவது ரிஃபை, எடுத்துக்கொண்டார்கள், இந்தத் துள்ளலை விட்டுவிட்டார்கள். பெரிய நஷ்டம்.

‘என்.ஐ.பி.’ கீசர் பட்லரின் பேஸ் கிடாரோடு தொடங்கும். சாத்தான் பாட்டுதான், சரி. ஆனால் விஷயம் என்ன? லூசிபர் ஒரு பெண்ணைக் காதலித்துத் திருந்தப் பார்க்கிறான். தலைப்புக்கு ரசிகர்கள் என்னென்னவோ மர்ம விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததால் வந்த கேலி, அவ்வளவுதான்.

ஆல்பத்தின் உயிர் எனக்கு ‘வார்னிங்’. அய்ன்ஸ்லி டன்பார் குழுவின் பாட்டு. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும். நடுவில் மற்றவர்கள் விலகிக்கொள்ள ஐயோமி தனியாக அலைகிறார். சில இடங்களில் வழி தெரியாமல் தடுமாறுகிறார் என்றுகூடச் சொல்லலாம். இன்றைக்கு யாராக இருந்தாலும் பாதியை வெட்டியிருப்பார்கள். மேடையில் நேரத்தை நிரப்ப நீட்டி நீட்டி வாசித்துப் பழகிய குழுவை அந்தத் தடுமாற்றத்தில்தான் நேரில் பார்க்க முடிகிறது.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ், க்ரீம் என்ற ப்ளூஸ்-ராக் குழுவின் மட்டமான பதிப்பு என்கிற தொனியில் எழுதினார். மட்டம் என்றதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ப்ளூஸ் வாரிசுகள் என்று அடையாளம் கண்டாரே, அந்த விஷயத்தில் அவர் காது இன்றைய ரசிகர்களின் காதைவிடச் சுத்தம். ஜனங்கள் விமர்சனத்தைக் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டனில் 8-ஆம் இடம் வரை போனது.

தேறாதது ஒன்றே ஒன்று, ‘ஈவில் வுமன்’. க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, ஓடும் என்று நினைத்துப் பாடவைத்தார்கள், ஓடவில்லை. பாடுகிறவர்களுக்கே அதில் மனசில்லை என்பது கேட்டாலே தெரிகிறது. அமெரிக்கப் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு ‘விக்கட் வேர்ல்ட்’ சேர்த்தார்கள். போரைப் பற்றியும் ஏழ்மையைப் பற்றியும் பேசுகிற பாட்டு, தொடக்கத்தில் வார்டின் சிம்பல் சுத்த ஜாஸ். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கக்காரர்கள் வாங்கிய தட்டுதான் மேல்.